ஐயர் இல்லாமல் கல்யாணம்: நடத்திவைக்கிற ஒருத்தியின் குறிப்புகள்

தை பிறந்ததும் என் போன் ஒலிக்க ஆரம்பித்துவிடும். பழைய மாணவர்கள், அவர்களுடைய தங்கைகள், இப்போது அவர்களுடைய பிள்ளைகளும் கூப்பிடுகிறார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "டீச்சர், தீ வளர்க்காம, மந்திரம் ஓதாம கல்யாணம் பண்ணிக்கிட்டா அது செல்லுமா?"

செல்லும். 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாடு சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. உறவினர்களோ நண்பர்களோ வேறு ஆட்களோ இருக்கும் இடத்தில், கீழே சொல்வதில் ஏதாவது ஒன்றைச் செய்தால் போதும் என்கிறது அந்தப் பிரிவு. இருவரும் தங்களுக்குப் புரிகிற ஒரு மொழியில் "இவரை என் மனைவியாக ஏற்கிறேன்", "இவரைக் கணவராக ஏற்கிறேன்" என்று சொல்லலாம். அல்லது மாலை மாற்றிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் ஒருவர் விரலில் ஒருவர் மோதிரம் போடலாம். அல்லது தாலி கட்டலாம். மூன்றையும் செய்தாலும் சரி, ஒன்றை மட்டும் செய்தாலும் சரி. சுயமரியாதைத் திருமணம், சீர்திருத்தத் திருமணம் என்று சட்டமே இதற்குப் பெயர் வைத்திருக்கிறது.

திருவாரூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். 1996-இல் ஒரு முன்னாள் மாணவி வந்து, "நீங்களே நடத்தி வைங்க டீச்சர்" என்று கேட்டதில் ஆரம்பித்தது. இதுவரை 43 கல்யாணங்கள். எனக்கு இதில் ஒரு பிடிவாதமான நம்பிக்கை உண்டு. கல்யாணத்தைக் கட்டிக் காப்பது, இரண்டு பேர் புரிந்து சொன்ன வார்த்தையும் அதைக் காதால் கேட்ட மனிதர்களும்தான். அதனால் கல்யாணத்தில் எதை எதை விடலாம் என்பதைவிட, அந்த வார்த்தையை எப்படித் தயார் செய்வது, எப்படிச் சொல்ல வைப்பது, பிறகு சட்டத்தின் கண்ணில் எப்படி நிறுத்துவது என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

எந்தச் சட்டம் உங்களுக்கு

7ஏ இருவருமே சட்டப்படி இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். இந்தச் சட்டத்துக்குப் பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்களும் இந்துக்களே. வேறு வேறு சாதி என்பது தடையே இல்லை. ஆனால் இது தமிழ்நாட்டின் திருத்தம். பெங்களூரில் மண்டபம் பிடித்துவிட்டு இதை நம்பாதீர்கள். வேலை அங்கே இருந்தாலும் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்துவிடுங்கள்.

ஒருவர் முஸ்லிமோ கிறித்தவரோ என்றால், அல்லது மதத்தின் பெயரே வேண்டாம் என்று நினைத்தால், 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இருவரில் ஒருவராவது குறைந்தது 30 நாள் குடியிருந்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டுவார்கள். 30 நாளில் தகுந்த ஆட்சேபம் வராவிட்டால் அலுவலர் முன்னும் மூன்று சாட்சிகள் முன்னும் கல்யாணம் நடக்கும். அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதம் தாண்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். ஒட்டின அறிவிப்பை யார் வேண்டுமானாலும் படிப்பார்கள், வீட்டுக்குத் தகவல் போகும். அதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

எந்தச் சட்டமானாலும் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். இருவருக்கும் உயிரோடு இன்னொரு கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது. மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அப்படி ஒரு ஜோடி உங்கள் வீட்டில் இருந்தால் தயங்க வேண்டாம்.

1954-இல் நாடாளுமன்றம் எழுதிய சட்டத்திலும் மணமக்கள் தங்களுக்குப் புரிகிற மொழியில் "ஏற்கிறேன்" என்று சொல்ல வேண்டும். 1967-இல் தமிழ்நாடு எழுதியதிலும் அதுவே. புரிகிற வார்த்தையும் கேட்கிற சாட்சியும் இருந்தால் ஒரு கல்யாணம் உண்டாகிவிடும் என்று இரண்டு சட்டமும் ஒப்புக்கொள்கின்றன.

வீட்டில் பேசுவது

இதில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். பெரியவர்கள் கோபப்படுவதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பயம் இருக்கிறது, அந்தப் பயம் நியாயமானது. என் அண்ணன் மகள் கல்யாணத்தின்போது எங்கள் சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்: "அக்கினி சாட்சியா கட்டுனாத்தாம்மா ஒரு பயம் இருக்கும். சாமியும் இல்ல, சடங்கும் இல்லன்னா நாளைக்கு அவன் விட்டுட்டுப் போனா யாரைக் கேப்ப?"

இந்தக் கேள்வியை மதியுங்கள். "மூடநம்பிக்கை" என்று ஒரு வார்த்தையில் அடித்துவிடாதீர்கள். பெண்ணைப் பாதுகாப்பது எது என்று அவர் கேட்கிறார். அதற்கு நான் ஒரு வழக்கைச் சொன்னேன். இப்போதும் எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்கிறேன்.

ஒருவர் மனைவி இருக்கும்போதே 1984-இல் திருத்தணியில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். மாலை மாற்றினார்கள், தாலியும் கட்டினார். முதல் மனைவி சிவகாமி வழக்குப் போட்டார். அந்த மனிதருக்கு எது கைகொடுத்தது தெரியுமா? ஏழடி எடுத்து வைக்கும் சப்தபதி அங்கே நடக்கவில்லை, அதனால் இரண்டாவது கல்யாணம் கல்யாணமே இல்லை, நான் குற்றவாளியும் இல்லை என்ற வாதம். விசாரணை நீதிமன்றம் அவரை விடுவித்தது. வழக்கு மேலே போய், 2001-இல் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டில் 7ஏ இருக்கிறது, சப்தபதி கட்டாயமில்லை, மாலையும் தாலியும் போதும், அது கல்யாணம்தான் என்று சொல்லி அவரைக் குற்றவாளி என்றது. சடங்கில் விட்டுப்போன ஓரடியை ஓட்டையாக்கி ஒருவர் தப்பப் பார்த்தார். சடங்கே கேட்காத ஒரு பிரிவு அந்த ஓட்டையை அடைத்தது. சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பொம்பளைக்கு நியாயம் கெடைச்சுதா, சரி" என்றார்.

அதே சமயம் இதன் மறுபக்கத்தையும் மறைக்க மாட்டேன். 7ஏ வருவதற்கு முன்னால் இப்படிக் கல்யாணம் செய்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1928-இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததை முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். அதன் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வழியில் போனார்கள். ஆனால் 1953-இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், சாத்திரச் சடங்கும் இல்லை, இது பழைய வழக்கமும் இல்லை, எனவே இது செல்லாது என்றது. மனைவி என்று ஊரறிய வாழ்ந்தவர்கள் சட்டத்தில் மனைவி இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிய கணவன் இருந்தாலும் சொத்து என்று வரும்போது அவள் வெறுங்கையோடு நிற்க வேண்டும். அண்ணாவின் சட்டம் பழைய கல்யாணங்களையும் சேர்த்துச் செல்லும் என்று ஆக்கியதால்தான் அந்தப் பெண்கள் தலை நிமிர்ந்தார்கள். நல்ல மனசு மட்டும் போதாது, சட்டமும் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பதிவு செய்கிற பகுதியை யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

சாமி பயம் இல்லாவிட்டால் வார்த்தைக்கு மதிப்பு ஏது என்று கேட்பவர்களிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். நம் ஊர் அமைச்சர்கள் பதவி ஏற்கும்போது சிலர் கடவுள் பெயரால் ஆணையிடுகிறார்கள், சிலர் "உளமார உறுதி கூறுகிறேன்" என்கிறார்கள். அரசியலமைப்பின் மூன்றாவது அட்டவணையிலேயே இரண்டும் இருக்கின்றன. நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவரும் 1969-இன் உறுதிமொழிச் சட்டப்படி கடவுளைச் சொல்லாமல் உறுதி கூறலாம். அவர் சாட்சிக்கு மதிப்புக் குறைவதில்லை, பொய் சொன்னால் தண்டனையும் குறைவதில்லை.

இன்னொன்று என் சொந்த வீடு. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுவார். அப்பா கோயில் வாசலைக்கூட மிதிக்காதவர். மளிகைக் கடையில் எங்களுக்கு ஒரு கணக்கு நோட்டு உண்டு. கடைக்காரர் இரண்டு ரூபாய் குறைத்துக் கூட்டியிருந்தால் அம்மாவும் திரும்பப் போய்ச் சொல்லுவார், அப்பாவும் சொல்லுவார். அம்மாவைக் கேட்டால் "மேல இருக்கிறவன் பாத்துக்கிட்டிருக்கான்" என்பார். அப்பாவைக் கேட்டால் "அந்த ஆள் நம்மள நம்பித்தானே நோட்டைக் குடுத்திருக்கான்" என்பார். கடைக்காரருக்குக் கிடைத்தது அதே இரண்டு ரூபாய். அதனால் கடவுளை நம்பி வார்த்தை காப்பவர்களை நான் ஒரு நாளும் குறைத்துப் பேசமாட்டேன். அவர்கள் கல்யாணத்துக்கு முன்னால் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கட்டும், முடிந்து கோயிலுக்கும் போகட்டும். சட்டம் தடுக்கவில்லை, நாமும் தடுக்க வேண்டாம். கல்யாணமே அதன் மேல்தான் நிற்கிறது என்று சொல்லும்போது மட்டும், இல்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

தமிழ்ப் பற்றுள்ள தாத்தா யாராவது இருந்தால் தொல்காப்பியத்தை நினைவுபடுத்துங்கள். பொய்யும் வழுவும் தோன்றிய பிறகுதான் பெரியவர்கள் கரணம், அதாவது கல்யாணச் சடங்குமுறை, வகுத்தார்கள் என்று அதில் இருக்கிறது. சொன்னதைச் சொல்லவில்லை என்று மறுத்தார்கள், செய்ததிலிருந்து வழுவினார்கள், அதைத் தடுக்க மனிதர்கள் ஒரு முறை வைத்தார்கள். நாம் செய்வதும் அதே வேலைதான்.

உறுதிமொழி எழுதுவது

இதற்கு நேரம் கொடுங்கள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னாலாவது உட்கார வேண்டும். மேடையில் ஏறி யாரோ அச்சடித்த தாளை வாசிப்பதாக இருந்தால், புரியாத மந்திரத்துக்குப் பதில் புரிகிற மந்திரம் என்ற அளவோடு நின்றுவிடும்.

என்னிடம் வருகிற ஜோடியை முதலில் தனித்தனியாக உட்கார வைப்பேன். ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள். "இந்தக் கல்யாணத்துல உனக்கு எதுக்குப் பயம்? நாலஞ்சு எழுது." ஆசைகளைக் கேட்டால் எல்லாரும் சினிமா வசனம் எழுதுவார்கள். பயத்தைக் கேட்டால் உண்மை வரும்.

சில வருஷம் முன்னால் வந்த ஒரு ஜோடியைச் சொல்கிறேன். அவள் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவன் நீடாமங்கலம் பக்கம் சொட்டுநீர்க் குழாய் விற்கிற கடை வைத்திருந்தான். கொண்டுவந்த தாளில் "உன்னை என் கண்ணின் மணிபோல் காப்பேன்" என்று எழுதியிருந்தான். அதை ஓரமாக வைக்கச் சொன்னேன். பயத்தை எழுதச் சொன்னதும் அவள் முதல் வரியிலேயே எழுதினாள்: "கல்யாணத்துக்கு அப்புறம் நைட் டியூட்டிக்குப் போக வேணாம்னு சொல்லிடுவாங்களோ." அடுத்தது: "எங்க அப்பாவுக்கு நான் அனுப்புற பணத்தை நிறுத்தச் சொல்லுவாங்களோ." அவன் ரொம்ப நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் எழுதினது: "அம்மாவைத் தனியா விட்டுடுவோமோ." அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: "கடைக்கடன் தெரிஞ்சா என்ன நினைப்பா."

தாளை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். அவள் அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் படித்தாள். "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டாள். நாலு லட்சம், அதில் பாதி அக்காவின் நகையை அடகு வைத்தது. நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். டீ போட்டு எடுத்துவர அரை மணி ஆக்கினேன். திரும்பி வந்தபோது அவள் தாளின் பின்பக்கத்தில் மாசாமாசம் எவ்வளவு கட்டினால் எத்தனை மாதத்தில் முடியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கண் கலங்கியிருந்தது.

ஒவ்வொரு பயத்தையும் ஒரு வாக்காக மாற்றுவது அடுத்த வேலை. நான் மூன்று விதமாகச் சோதித்துப் பார்ப்பேன். இது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியுமா? மனிதனால் செய்யக்கூடியதா? மீறினால் மீறியது தெரியுமா? "என்றும் உன்னை நேசிப்பேன்" மூன்றாவதில் தோற்றுவிடும், யார் அளந்து பார்ப்பது? "கடன் வாங்கும் முன் உன்னிடம் சொல்வேன்" மூன்றிலும் தேறும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அவன் சொல்கிற வாக்கை அவளும் அப்படியே சொல்ல முடிய வேண்டும், அவள் சொல்வதை அவனும். பணிவிடை செய்வேன், கீழ்ப்படிந்து நடப்பேன் மாதிரி ஒருவர் பக்கம் மட்டும் நிற்கிற வரிகளை நான் வாசிக்க விடமாட்டேன். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்த இருவரும் கடைசியில் எழுதினது என் நோட்டில் இருக்கிறது. அவர்கள் அனுமதியோடு பெயரை விட்டுவிட்டுத் தருகிறேன்:

"இங்கே கூடியிருக்கும் நம் உறவினர், நண்பர்கள் முன்னிலையில், உன்னை என் வாழ்க்கைத் துணையாக, என் மனைவியாக ஏற்கிறேன். உன் வேலை உன்னுடையது, பகலோ இரவோ அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். உன் அப்பா அம்மாவையும் என் அப்பா அம்மாவையும் நாம் இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம். வருமானத்தையும் கடனையும் உன்னிடம் மறைக்க மாட்டேன். கோபத்தில் கை ஓங்க மாட்டேன். நமக்குள் தீராத சண்டை வந்தால் நாம் இருவரும் மதிக்கிற ஒருவரிடம் போய்ப் பேசுவேன், பேசாமல் வீட்டை விட்டுப் போக மாட்டேன்."

"மனைவியாக" என்பதற்குப் பதில் "கணவராக" என்று மாற்றி அவளும் இதையே சொன்னாள். முதல் வாக்கியத்தை எப்போதும் விடாதீர்கள். சட்டம் கேட்கிற வாக்கியம் அதுதான். மற்றவை உங்களுக்கானவை.

அன்றைக்கு

நேரத்தைப் பஸ் வசதியும் சாப்பாடும் பார்த்து வையுங்கள். ராகு காலம் வேண்டாம் என்று பாட்டி கேட்டால் அரை மணி தள்ளி வைப்பதால் எதுவும் குறைந்துவிடாது. அழைப்பிதழில் நாள், இடம், நேரம், இருவர் பெயர், யார் தலைமை என்பதெல்லாம் தெளிவாக இருக்கட்டும். பின்னால் பதிவின்போது இதுவும் ஓர் ஆதாரம்.

தலைமை வகிப்பவர் கட்சித் தலைவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இருவரையும் தெரிந்தவராக இருந்தால் நல்லது. வாழ்த்துரைக்கு மூன்று பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் கல்யாணங்களுக்கு இருக்கிற ஒரே கெட்ட பேர் நீண்ட பேச்சுதான். பந்திக்குக் காத்திருக்கிற குழந்தைகளை அழ வைத்து யாருக்கும் கொள்கை புரிய வைக்க முடியாது.

தாலி வேண்டுமா என்பதைப் பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள். மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் இருக்கும்போது வருகிற பதில் அவளுடைய பதிலாக இருக்காது. சிலர் வேண்டும் என்பார்கள், சிலர் மோதிரம் போதும் என்பார்கள். 43-இல் பாதிக்கு மேல் தாலி கட்டிய கல்யாணங்கள்தான். ஆரத்தி எடுக்க அத்தைமார் வந்தால் எடுக்கட்டும். தாய்மாமன் மாலை போட ஆசைப்பட்டால் போடட்டும். வந்தவர்களை அந்நியமாக்காதீர்கள், அவர்கள்தான் சாட்சிகள்.

செலவழிக்கிற காசில் மைக்செட்டுக்குக் கொஞ்சம் அதிகம் ஒதுக்குங்கள். உறுதிமொழி கடைசி வரிசைவரை கேட்க வேண்டும். நாதஸ்வரக்காரரிடம், வாக்குச் சொல்லும்போது ஊத வேண்டாம், மாலை மாற்றும்போது கெட்டிமேளம் போதும் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

மன்னார்குடியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை கூச்ச சுபாவம். தாளைப் பார்த்து வாய்க்குள்ளேயே முனகினார். நான் மைக்கைத் தள்ளிக் கொடுத்து, "இன்னொரு தடவ சொல்லுங்க தம்பி, பின்னாடி கேக்கல" என்றேன். மறுபடி சொன்னார், இந்த முறை சத்தமாக. முன்வரிசையில் பெண்ணின் அப்பாயி. ஐயர் இல்லை என்று மூன்று நாளாகச் சாப்பிடாமல் கிடந்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். பந்தியில் அவர் பக்கத்தில் எனக்கு இலை போட்டார்கள். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "என் கல்யாணத்துல என்னென்னமோ ஓதுனாங்க, இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் தெரியாது. இவன் சொன்னது எனக்குக் காதுல வுளுந்துச்சு. கை ஓங்க மாட்டேன்னான். ஓங்குனான்னா நா கேப்பேன்." சொல்லிவிட்டு ரசத்துக்குக் கையைக் குழித்தார்.

சட்டத்தின் கண்ணில் நிறுத்துவது

வாக்குச் சொல்லி முடிந்ததும் மேடையிலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, நேரம், இடம், 7ஏ பிரிவின்படி நடந்தது என்ற ஒரு வரி, உறுதிமொழி முழுவதும், மணமக்கள் கையெழுத்து, நடத்தி வைத்தவர் கையெழுத்து, இரு பக்கத்திலிருந்தும் சாட்சிகள் முகவரியோடு. வீடியோவில் "ஏற்கிறேன்" என்ற இடம் குரலோடு பதிவாகியிருக்க வேண்டும். பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டின வீடியோ எதற்கும் உதவாது, முழு வீடியோவையும் வாங்கி வையுங்கள்.

தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்று 2009-இல் சட்டம் வந்துவிட்டது. திருமணமான நாளிலிருந்து 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். விண்ணப்பத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே நிரப்பலாம். வயதுச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ, அழைப்பிதழ், சாட்சிகளின் அடையாள அட்டை இவற்றோடு நோட்டின் நகலையும் எடுத்துப் போங்கள். முன்பு மணமானவர் என்றால் விவாகரத்துத் தீர்ப்பின் நகலோ இறப்புச் சான்றோ வேண்டும்.

வெறும் பதிவைத் திருமணம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். விசாவுக்காகவோ கடனுக்காகவோ முதலில் பதிந்துவிட்டு, கல்யாணத்தை அடுத்த வருஷம் வைக்கலாம் என்று யோசிப்பார்கள். கல்யாணம் நடக்காமல் சான்றிதழ் மட்டும் இருந்தால் இந்துத் திருமணச் சட்டப்படி அது திருமணம் ஆகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பத்துப் பேர் முன்னால் மாலை மாற்றி வாக்குச் சொல்லிவிட்டுப் பிறகு பதியுங்கள். வீட்டுக் கூடத்தில் நடந்தாலும் போதும்.

சில அலுவலகங்களில் இன்னும் "கோயில் ரசீது எங்க?" என்று கேட்கிறார்கள். என் மாணவன் ஒருவனை ஓர் அலுவலகத்தில் இதைச் சொல்லியே மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அவனும் அவளும் ஒவ்வொரு முறையும் அரை நாள் சம்பளத்தை விட்டு வந்தவர்கள். எனக்கு மனசு ஆறவில்லை. நாலாவது முறை நானும் போனேன். 7ஏ பிரிவின் நகலை மேசையில் வைத்து, "கோயில்ல நடந்திருந்தாத்தானே ரசீது இருக்கும்? இந்தப் பிரிவின்படி பதிய மாட்டோம்னு எழுத்துல குடுங்க, வாங்கிட்டுப் போறோம்" என்றேன். சாயங்காலத்துக்குள் பதிவாகிவிட்டது. நீங்களும் சத்தம் போட வேண்டாம். நகலை நீட்டுங்கள், மறுப்பை எழுத்தில் கேளுங்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்குத் தெரிந்தால் ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். வக்கீல் அறையில் ரகசியமாக நடக்கும் கல்யாணம் செல்லாது என்று 2014-இல் உயர் நீதிமன்றம் சொன்னதை வைத்துப் பலர் பயமுறுத்துவார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தை ஒதுக்கிவிட்டது. 7ஏ திருமணத்தை ஊரறிய அறிவிக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை, அப்படிக் கட்டாயப்படுத்தினால் எதிர்ப்புக்குப் பயந்து நிற்பவர்களின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றது. வக்கீல்கள் தொழில் முறையில் திருமணம் நடத்தி வைக்கக் கூடாது, நண்பராகவோ உறவினராகவோ சாட்சியாக இருக்கலாம் என்றும் சொன்னது. எனவே நம்பிக்கையான இரண்டு மூன்று பேர் போதும். ஆனால் நோட்டு, கையெழுத்து, வீடியோ இவை உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் தேவை. மிரட்டல் இருந்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். இப்படிப்பட்ட ஜோடிகளைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்று 2018-இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

நோட்டு

மேடையில் எழுதின பக்கத்துக்கு மூன்று நகல் எடுங்கள். ஆளுக்கு ஒன்று, நடத்தி வைத்தவரிடம் ஒன்று. என்னிடம் 43 பக்கமும் ஒரே பெரிய நோட்டில் இருக்கிறது. அந்தந்த ஆண்டு மழையில் கொஞ்சம் ஓரம் அரித்திருக்கிறது, எழுத்து அழியவில்லை.

போன புரட்டாசியில் ஒரு பெண் வந்தாள். 2011-இல் நடத்திய கல்யாணம். நகலைத் தொலைத்துவிட்டேன், பார்க்க வேண்டும் என்றாள். நோட்டை எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது வரியில் விரலை வைத்துப் படித்தாள், வீட்டைப் பற்றிய எந்த முடிவையும் இருவரும் கலந்து எடுப்போம் என்ற வரி. மாமனார் வீட்டை விற்க முன்பணம் வாங்கியாகிவிட்டதாம், அவளுக்கு அது பக்கத்து வீட்டார் சொல்லித் தெரிந்ததாம். போனில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கணவர் வந்தார், தனியாக. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டே, "டீச்சர், அந்த நோட்டை நானும் ஒரு தடவ பாக்கலாமா?" என்றார்.